தொய்வு என்ற ஒரு சொல்லுக்குள் நாலு நோய்: வன்னி முதியவர்களின் மூச்சு வருத்தம்

கிளிநொச்சியில் ஆகட்டும், முல்லைத்தீவில் ஆகட்டும், கிளினிக் நாளில் வாங்கில் இருக்கும் வயதானவர்களிடம் என்ன வருத்தம் என்று கேட்டால் "தொய்வு" என்பார்கள். சிலர் "முட்டு" என்பார்கள். இன்னும் சிலர் "நடந்தாக் களைக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களுடைய கிளினிக் கொப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் கதை வேறாக இருக்கும். ஒன்றில் சீஓபீடி என்று இருக்கும், இன்னொன்றில் ஐஎல்டி, மூன்றாவதில் பழைய காசநோயின் மிச்சம். எழுதியிருப்பது ஆங்கிலத்தில். வைத்தியர் அவசரமாகச் சொன்னதில் "நுரையீரல் பழுதாப் போச்சு, இனிச் சரிவராது" என்ற துண்டு மட்டும் வீடு வந்து சேர்கிறது. அன்றிரவே வெளிநாட்டில் இருக்கும் மகன் கூப்பிட்டு, "ஒட்சிசன் மெசின் ஒண்டு வாங்குவம், காசு அனுப்புறன்" என்கிறார்.

பெயர் என்ன, சரிவராது என்றால் என்ன, ஒட்சிசன் எவருக்கு என்ற மூன்றும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. அடியில் இருந்து பிரித்துப் பார்க்கலாம்.

மூச்சு நடக்கும் விதம்

மூக்கால் போகும் காற்று ஒரு பெருங்குழாயில் இறங்கி, அது இரண்டாகப் பிரிந்து, பிறகு ஒவ்வொன்றும் திரும்பத் திரும்ப இருபது தடவைக்கு மேல் கிளைவிட்டு, கடைசியில் நுண்ணிய காற்றறைகளில் முடிகிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடிக்குக் குறையாத காற்றறைகள் உண்டு. எல்லாவற்றையும் விரித்துத் தரையில் பரப்பினால் சுமார் 70 சதுர மீற்றர் வரும். போருக்குப் பிறகு வன்னியில் கட்டப்பட்ட 550 சதுர அடி இந்திய வீட்டுத்திட்ட வீட்டின் தரையைவிடக் கூடிய பரப்பு அது. இந்தப் பரப்பில்தான் ஒட்சிசன் குருதிக்குள் போகிறது, காபனீரொட்சைட்டு வெளியே வருகிறது.

நுரையீரல் ஏறத்தாழ 25 வயது வரை வளரும். அதற்குப் பிறகு, ஒரு வருத்தமும் இல்லாத ஆளுக்கும், முதல் ஒரு செக்கனில் பலமாக ஊதக்கூடிய காற்றின் அளவு வருடத்துக்கு 25 முதல் 30 மில்லிலீற்றர் குறைந்துகொண்டு போகும். 25 வயதில் மூன்றரை லீற்றர் ஊதிய ஒருவர், 75 வயதில் இரண்டு லீற்றர் ஊதுவார். சந்தைக்குப் போய்வரவும், வளவைக் கூட்டவும், பேரப்பிள்ளையைத் தூக்கவும் அது போதும்.

புகையால் பழுதாகும் நுரையீரலில் இந்த இழப்பு வருடத்துக்கு 50 மில்லிலீற்றராகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம். அதே ஆள் 75 வயதில் ஒரு லீற்றர்தான் ஊதுவார். கிணற்றடிக்கும் குசினிக்கும் இடையில் அவர் இரண்டு தரம் நிற்க வேண்டி வரும்.

ஆகவே "வயசு போனாக் களைக்கும்தானே" என்ற பேச்சில் பாதி உண்மைதான் இருக்கிறது. வயது கொஞ்சம் எடுக்கும். நடக்கவிடாமல் இருத்துவது வயதல்ல, அதற்குப் பின்னால் ஒரு நோய் இருக்கிறது. இந்த ஒரு பேச்சால்தான் வன்னியில் பலர் பிந்திச் சோதிக்கப் போகிறார்கள். பக்கத்து வீட்டில் உள்ள சம வயதுக்காரரோடு சேர்ந்து நடக்க முடிகிறதா, குளக்கட்டில் ஏறும்போது முன்னைப்போல நிற்காமல் ஏற முடிகிறதா என்று பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஒரே சொல், வேறு வேறு நோய்

"தொய்வு" என்று நாம் சொல்வதற்குள் குறைந்தது நாலு இருக்கின்றன.

1. ஆஸ்துமா. உண்மையில் தொய்வு என்ற சொல் இதற்குத்தான் உரியது. பெரும்பாலும் சின்ன வயதில் தொடங்கும். இன்றைக்கு இழுக்கும், நாளைக்கு ஒன்றும் இல்லாததுபோல இருக்கும். குழாய்கள் சுருங்கும், மருந்துக்கு விரியும். ஒழுங்காக மருந்து எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இது மற்ற மூன்றையும்போல நாளுக்கு நாள் தேய்ந்துபோகும் வருத்தமாக இருக்காது.

2. நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். கொப்பியில் சீஓபீடி என்று எழுதுவது இதைத்தான். பல வருடப் புகையால் குழாய்கள் தடித்து ஒடுங்கி, காற்றறைகளின் சுவர்கள் அழிந்துபோகும். காலையில் சளியோடு இருமல், நடந்தால் களைப்பு, மாரியில் கூடுதல். போன பகுதி திரும்பாது.

3. நுரையீரல் தழும்பு நோய். ஐஎல்டி என்ற எழுத்துக்குள் வருபவற்றில் பல இந்த வகை. புண் ஆறினால் தோலில் தழும்பு விழுகிற மாதிரி நுரையீரலின் உள்ளே தழும்பு படர்ந்து, அது விறைத்துப் போகிறது. சளி இல்லாத வறட்டு இருமல் இருக்கும். சிலருக்கு விரல் நுனிகள் உருண்டு பெருக்கும். வைத்தியர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டால், செருப்பின் ஒட்டுப்பட்டியைப் பிரிக்கும்போது வருகிற சத்தம் கேட்கும்.

4. காசநோய்க்குப் பிந்திய பழுது. கிருமி செத்து, ஆறு மாத மருந்தும் முடிந்து, ஆள் சுகமாகி இருபது வருடம் ஆகியிருக்கும். ஆனால் நுரையீரலில் விழுந்த தழும்பும், தளர்ந்து அகன்ற குழாய்களும் அப்படியே இருக்கும். அந்த அகன்ற குழாய்களில் சளி தேங்கும், நாற்றமடிக்கும், இடைக்கிடை இரத்தமும் வரும்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நெல்லுச் சாக்கை வைத்து விளங்கிக்கொள்ளலாம். சீஓபீடி உள்ளவரின் நுரையீரல் ஏற்கெனவே நிறைந்த சாக்கு. பழைய காற்று ஒடுங்கிய குழாய்களால் வெளியே போக நேரம் எடுக்கும். அது போய் முடிய முதல் அடுத்த மூச்சை இழுக்க வேண்டி வருகிறது, உள்ளே இடமில்லை. அவருக்குப் பிரச்சினை இழுப்பதில் இல்லை, விடுவதில். தழும்பு நோய் உள்ளவரின் நுரையீரல் வெயிலில் காய்ந்து விறைத்த வெறுஞ்சாக்கு. வாய் திறந்துதான் இருக்கும், ஆனால் சாக்கு விரியாது. குழாயை விரிக்கும் மருந்தை இரண்டாமவருக்கு எத்தனை தரம் அடித்தாலும் சாக்கு இளகாது. இதனால்தான் அயல்வீட்டுக்காரரின் பம்பை (வாயில் அடித்து மூச்சோடு இழுக்கும் மருந்து) இரவல் வாங்கி அடித்துப் பார்ப்பது பயனில்லாத வேலை.

இந்த நாலுக்கும் வெளியிலும் களைப்பு வரும். இதயம் பலவீனமானால், படுத்தால் மூச்சு முட்டி, எழும்பி இருந்தால் சுகமாகி, கால் இரண்டும் வீங்கும். குருதிச்சோகையும் களைக்க வைக்கும். ஒரே ஆளுக்கு நுரையீரலும் இதயமும் சேர்ந்து பழுதாவது முதுமையில் சாதாரணம்.

சுருட்டே பிடிக்காத ஆச்சிக்கு எப்படி வந்தது?

ஆண்களுக்குக் காரணம் கேட்கத் தேவையில்லை: சுருட்டு, பீடி, சிகரெட். ஆனால் கிளினிக் வாங்கில் இருப்பவர்களில் வாழ்நாளில் ஒரு சுருட்டைத் தொட்டும் பாராத பெண்களும் இருக்கிறார்கள். வருமானம் கூடிய நாடுகளில் சீஓபீடியில் 70 சதவீதத்துக்கு மேல் புகைப்பழக்கத்தால் வருகிறது என்றும், எங்களைப் போன்ற நாடுகளில் அது 30 முதல் 40 சதவீதம்தான் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மிச்சத்தில் பெரும்பங்கு வீட்டு அடுப்புக்கும் வேலைத்தலத் தூசிக்கும் உரியது.

ஒரு வன்னிக் குசினியை நினைத்துப் பாருங்கள். தென்னோலையோ தகரமோ போட்ட தாழ்வாரம், மூன்று கல் அடுப்பு, ஒரு சின்ன ஜன்னல், சில வீட்டில் அதுவும் இல்லை. காலையில் முதலில் போடுவது பன்னாடையும் சிரட்டையும். அவை சட்டென்று பிடிக்கும். அதன் மேல் பாலை விறகு. மாரியில் விறகு ஈரம், ஊதுகுழலை வாயில் வைத்துக் குனிந்து ஊத வேண்டும். ஊதும்போது முகம் புகைக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது. ஊதி முடித்ததும் அடுத்த மூச்சை ஆழமாக இழுக்கிறார், அந்தப் புகையைத்தான் இழுக்கிறார். பதினைந்து வயதில் தொடங்கி நாளுக்கு மூன்று நேரம், அறுபது வருடம். முகட்டில் கரி படிந்து தொங்குவதை எல்லோரும் பார்க்கிறோம். அதே கரி படிந்த இன்னொரு இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

2009ஐ ஒட்டிய இடப்பெயர்வுக் காலத்தில் தறப்பாளுக்குக் கீழேயும் அதே அடுப்புத்தான் எரிந்தது. அப்புறம் காஸ் வந்தது. 2021 கடைசியில் சிலிண்டர் வெடிப்புகளும், 2022இல் தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்தபோது, காஸுக்கு மாறியிருந்த எத்தனையோ வீடுகள் திரும்ப விறகுக்கே போயின. கையில் காசில்லாதவரிடம் "விறகை விடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. விறகோடேயே குறைக்கக்கூடியவை இருக்கின்றன:

1. அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றுவது, அல்லது முகட்டுக்குக் கீழே எதிரெதிராக இரண்டு திறப்பு விடுவது.
2. விறகை மாரிக்கு முதலே வெட்டி, காய வைத்து, நனையாமல் அடுக்குவது. ஈர விறகின் புகை காய்ந்த விறகைவிடப் பல மடங்கு.
3. இலங்கையில் பல வருடமாகப் புழக்கத்தில் உள்ள அனகி என்ற இரட்டை வாய் மண்ணடுப்பு. விறகும் குறையும், புகையும் ஓரளவு குறையும்.
4. ஏற்கெனவே மூச்சு வருத்தம் உள்ளவரை அடுப்படியில் இருந்து எடுப்பது. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மருமகளோ மகனோ அடுப்பை ஏற்க வேண்டும். மகன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நுளம்புத்திரியை மறக்கக் கூடாது. ஒரு திரி எரிந்து முடியும்போது விடும் நுண்தூள், 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. பூட்டிய அறைக்குள், ஆச்சியின் கட்டிலுக்குக் கீழே, விடிய விடிய எரிவது அதுதான். மலேரியாக் காலத்தில் கிடைத்த நுளம்பு வலை பல வீட்டில் இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது. அதைக் கட்டினால் போதும்.

தொழிலும் சேரும். சூடடிப்பு, தூற்றல், இன்றைக்கு வெட்டு மெசினின் பின்பக்கத் தூசி, நெல்லு மில்லின் உமித்தூள் எல்லாம் ஒரே கணக்கில்தான் விழுகின்றன. பூஞ்சணம் பிடித்த வைக்கோலும், புறாக் கூட்டின் எச்சத் தூசியும் சிலருடைய உடம்பில் தழும்பு நோயையே தொடக்கி வைக்கும். வாத வருத்தமும், அதற்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ஒரு சில மருந்துகளும் அப்படித்தான். கொப்பியில் ஐஎல்டி என்று இருந்தால், என்ன தொழில், என்ன வளர்க்கிறீர்கள், வேறு என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று வைத்தியர் கேட்பதற்குக் காரணம் இது. பலருக்கு எந்தக் காரணமும் பிடிபடாது என்பதும் உண்மை.

ஊதிக் காட்டும் சோதனை

பெயரைத் தீர்மானிப்பது நெஞ்சுப் படம் மட்டும் அல்ல. ஸ்பைரோமீற்றர் என்ற கருவிக்குள் பலமாக, ஏறத்தாழ ஆறு செக்கன் ஊத வேண்டும். முழுதாக ஊதிய காற்றில் முதல் செக்கனில் வந்தது எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டும். குழாய் விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு நோய். விகிதம் நன்றாக இருந்து மொத்தக் காற்றே குறைவாக இருந்தால் தழும்புப் பக்கம் சந்தேகம் போகும், பிறகு சீற்றி ஸ்கானில் உறுதியாகும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிச் சோதனை. மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் அது இலவசம். பழைய காசநோய் வந்தவர் "எனக்குத்தானே மாறிட்டுது" என்று இதைத் தவிர்க்கக் கூடாது.

"இனிச் சரிவராது" என்பதன் பொருள்

இந்த வாக்கியம் வீட்டில் செய்யும் அழிவு பெரிது. இழந்த காற்றறை திரும்பி வராது என்பதுதான் அதன் பொருள். களைப்பைக் குறைக்க ஒன்றும் இல்லை என்ற பொருள் அதில் இல்லை. நுரையீரலின் நிலை வேறு, அந்த ஆள் நாளாந்தம் படும் பாடு வேறு. முதலாவதில் அதிகம் செய்ய முடியாத இடத்திலும் இரண்டாவதில் நிறையச் செய்யலாம்.

முதலாவதிலும்கூட ஒன்று செய்யலாம்: புகையை நிறுத்துவது. நிறுத்தியவருக்கு வருடாந்த இழப்பு ஏறக்குறைய மற்றவர்களுடைய அளவுக்கு இறங்கிவிடும் என்று 1970களிலேயே காட்டிவிட்டார்கள். 70 வயதில் நிறுத்தினாலும் இருப்பது மிஞ்சும். தழும்பு நோயில் படர்வதை மெதுவாக்கும் பிர்பெனிடோன், நின்ரெடனிப் என்ற இரண்டு மருந்துகள் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவை சுகப்படுத்தாது, வேகத்தைக் குறைக்கும்.

அடைப்பு நோய்க்கு மூலமருந்து பம்ப்தான். ஆனால் பம்ப் கையில் இருப்பதும் மருந்து நுரையீரலுக்குப் போவதும் ஒன்றல்ல. கிளினிக்கில் தாதி ஒருவர் வயதான ஒருவரிடம் கேட்கும் காட்சி இது:

"அப்பு, பம்பை எப்பிடி அடிக்கிறனீங்கள் எண்டு ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோ."

அப்பு பம்பைக் குலுக்காமல் வாயைத் திறந்து, "உஸ்" என்று அடிக்கிறார். மூச்சை இழுத்தது அதற்குப் பிறகு. மருந்தில் பாதி நாக்கில், மிச்சம் வெளியில். "அடிச்சுத்தானே வாறன் பிள்ளை, ஒண்டும் கேட்கேல்லை" என்கிறார். மருந்து கேட்காததற்குக் காரணம் அவருடைய நுரையீரலில் இல்லை, கைக்கும் மூச்சுக்கும் இடையிலான அந்த அரைச் செக்கனில் இருக்கிறது. நடுங்கும் கையும் பலமில்லாத பிடியும் உள்ள வயதில் அந்த நேரம் தவறுவது இயல்பு.

சரியான முறை இப்படி: குலுக்க வேண்டும். மூச்சை முழுதாக வெளியே விட வேண்டும். உதட்டால் இறுக்கிப் பிடித்து, இழுக்கத் தொடங்கும் அதே நேரத்தில் அமத்தி, மெதுவாக ஆழமாக இழுக்க வேண்டும். பத்து எண்ணும் வரை அடக்கி வைக்க வேண்டும். அடுத்த அடிக்கு அரை நிமிடம் பொறுக்க வேண்டும். இந்த நேரப் பொருத்தம் வராதவர்களுக்குப் பம்புக்கும் வாய்க்கும் இடையில் ஸ்பேசர் என்ற ஒரு வெற்றுக் கூட்டை வைக்கலாம். வாங்க வசதி இல்லையென்றால் அரை லீற்றர் பிளாஸ்டிக் தண்ணிப் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் ஓட்டை போட்டு, போத்தலின் வாயால் இழுக்கலாம். தென்னாபிரிக்காவில் பிள்ளைகளிடம் சோதித்து, கடையில் விற்கும் ஸ்பேசருக்கு ஈடாக அது வேலை செய்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஸ்டீரொயிட் மருந்துள்ள மண்ணிறப் பம்ப் அடித்தால் கட்டாயம் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெண்படை பிடிக்கும்.

ஒரு பம்பில் 200 அடி இருந்தால், நாளுக்கு எட்டு அடி அடிப்பவருக்கு அது 25 நாளில் முடியும். முடிந்த பிறகும் "உஸ்" என்று வாயு வரும், மருந்து இருக்காது. தொடங்கிய திகதியைப் பம்பிலேயே எழுதி வையுங்கள்.

இன்னொன்று. "ஆசுப்பத்திரியில புகை பிடிச்சாத்தான் எனக்குச் சுகம்" என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் புகை, நெபுலைசர் என்ற மெசின் மருந்தைப் பனிபோல ஆக்கி மூச்சில் கொடுப்பது. அதில் போவதும் பெரும்பாலும் குழாய் விரிக்கும் அதே நீலப்பம்பின் மருந்துதான். ஸ்பேசரோடு ஒழுங்காக அடித்தால், பெரும்பாலான நேரங்களில் அதே பலனை வீட்டிலேயே பெறலாம்.

ஒட்சிசன் மெசின்: யாருக்கு, எப்போது?

களைப்பு என்றால் ஒட்சிசன் குறைவு என்று கொரோனாக் காலத்துக்குப் பிறகு எல்லோரும் நினைக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. குருதியின் ஒட்சிசன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் கருவியில் 95 சதவீதம் காட்டும் ஒருவர் மூச்சுக்குத் தவிக்கலாம். நிறைந்த சாக்குக்குள் மேலும் இழுக்கும் பாடு அது, அவருக்கு ஒட்சிசன் கொடுத்தாலும் அந்தப் பாடு குறையாது. 86 காட்டும் இன்னொருவர் பெரிதாகக் களைக்காமல் கதைத்துக்கொண்டு இருக்கலாம். ஒட்சிசன் தேவை இவருக்குத்தான்.

நீண்டகால ஒட்சிசன் உயிரைக் காக்கும் என்று 1980இல் ஓர் அமெரிக்க ஆய்வும் 1981இல் ஒரு பிரித்தானிய ஆய்வும் காட்டின. பிரித்தானிய ஆய்வில் நாளுக்கு 15 மணித்தியாலம் ஒட்சிசன் எடுத்த 42 பேரில் ஐந்து வருடத்தில் 19 பேர் இறந்தார்கள். எடுக்காத 45 பேரில் 30 பேர். ஆனால் அவர்கள் எல்லோரும் குருதியில் ஒட்சிசன் நன்றாகக் குறைந்தவர்கள். ஓரளவு மட்டும் குறைந்தவர்களை வைத்து 738 பேரில் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அவர்களுக்கு ஆயுளும் கூடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போவதும் குறையவில்லை. இப்போதைய விதி: ஓய்வாக இருக்கும்போதும், வருத்தம் கூடிய நேரம் இல்லாதபோதும், அளவு 88 அல்லது அதற்குக் கீழே நின்றால்தான் வீட்டு ஒட்சிசன் பற்றி யோசிப்பார்கள். அதையும் கைநாடியில் குருதி எடுத்து உறுதிப்படுத்துவார்கள். அப்படித் தேவைப்பட்டால் நாளுக்குக் குறைந்தது 15 மணித்தியாலம், நித்திரையையும் சேர்த்து. களைத்தால் மட்டும் அரை மணித்தியாலம் பிடித்துவிட்டுக் கழற்றி வைப்பது சிகிச்சை ஆகாது.

மகன் காசு அனுப்ப முதல் வீட்டார் இருந்து கணக்குப் பார்க்க வேண்டியவை:

1. மின்சாரம். நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் ஒட்சிசன் தரும் மெசின் ஏறத்தாழ 350 வாற்று இழுக்கும். 15 மணித்தியாலத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து அலகுக்கு மேல், மாதம் 150 அலகுக்கு மேல். இது வீட்டின் மற்றப் பாவனைக்கு மேலதிகமாக வருவது. அலகு கூடக் கூட விலையும் ஏறும் முறை எங்களுடையது.
2. மின்வெட்டு. காற்று மழைக்கு ஒரு மரம் கம்பியில் விழுந்தால் உட்கிராமத்தில் அரை நாள் கரண்ட் இருக்காது. அப்போதைக்கு ஒரு சிலிண்டர் வேண்டும், அதை நிரப்பி எடுக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும்.
3. நெருப்பு. ஒட்சிசன் தானாக எரியாது, எரிவதை மூர்க்கமாக்கும். அடுப்பு, சாமி விளக்கு, கற்பூரம், சுருட்டு எல்லாம் பத்தடிக்கு அப்பால். மூக்கு வறண்டால் வசலின் பூசக் கூடாது.
4. அளவு. சீஓபீடி உள்ள சிலருக்கு ஒட்சிசன் கூடிப்போனால் காபனீரொட்சைட்டு உள்ளே தேங்கி, அரைமயக்கமும் குழப்பமும் வரும். அவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 வரைதான். 99 காட்ட வேண்டும் என்று குமிழைத் திருப்புவது ஆபத்து.

விரல் கருவியும் பிழைவிடும். கை குளிர்ந்திருந்தால், நகத்தில் பூச்சு இருந்தால் எண் குழம்பும். கறுத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டியே காட்டக்கூடும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்து எண் நிலைத்த பிறகு பாருங்கள். நாளுக்கு முப்பது தரம் பார்ப்பதால் பயம் மட்டும்தான் கூடும்.

களைப்போடு ஒரு நாள்

காசு செலவில்லாமல் இன்றைக்கே தொடங்கக்கூடியவை இங்கேதான் இருக்கின்றன.

மூச்சு விடும் முறை முதலாவது. மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து, கைவிளக்கின் சுடர் அணையாமல் ஆட மட்டும் ஊதுவதுபோல நாலு எண்ணும் வரை விட வேண்டும். இப்படி விடும்போது ஒடுங்கிய குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் இருக்கும், சாக்கில் இருந்து பழைய காற்று வெளியேறும். பாரம் தூக்கும்போதும், படி ஏறும்போதும், குனியும்போதும் விடும் மூச்சில் செய்ய வேண்டும். களைத்துப்போனால் கதிரையில் இருந்து முன்னால் சரிந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றுவது உதவும். படுக்க வைத்தால் பாடு கூடும்.

இரண்டாவது, விசிறி. பனையோலை விசிறியால் முகத்துக்கு நேரே, மூக்கையும் கன்னத்தையும் சுற்றி வீசினால் களைப்பு உணர்வு இறங்கும். இது மனப்பிரமை இல்லை. முகத்தின் குளிர்ச்சியை மூளைக்குச் சொல்லும் நரம்பு, மூச்சுத் தவிப்பின் உணர்வைத் தணிக்கிறது. கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறியை வைத்து ஆய்வு செய்தும் இதைக் கண்டிருக்கிறார்கள். எங்களுடைய ஆச்சிமார் நூறு வருடமாக நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து செய்த வேலை இது. கட்டிலோடு ஒரு விசிறியைக் கட்டி வையுங்கள்.

மூன்றாவது, நடை. களைக்குது என்று ஆளை இருத்தி வைத்தால், கால் தசை கரையும். கரைந்த தசை அதே வேலைக்குக் கூட ஒட்சிசன் கேட்கும், களைப்பு இன்னும் கூடும். சில மாதத்தில் வீட்டுப் படலை வரை போவதும் நின்றுவிடும். அளவாகக் களைக்கும் வரை நடந்து, நின்று, திரும்ப நடப்பதை ஆறு முதல் எட்டுக் கிழமை ஒழுங்காகச் செய்தால், நுரையீரல் மாறாமலே நடக்கும் தூரம் கூடுகிறது, ஆஸ்பத்திரியில் படுப்பது குறைகிறது. மருந்துகள் பலவற்றைவிட இதன் பலன் பெரிது. வன்னி நிலம் சமதரை என்பது ஒரு வசதி. காலை பனி விலகிய பிறகும், பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகும் வளவைச் சுற்றி வேலியோரம் நடக்கலாம், நிற்கும் இடங்களில் ஒரு வாங்கு போட்டு வைக்கலாம். தானும் கூட நடக்க ஒரு பேரப்பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது.

குளிப்புத்தான் பலருக்கு நாளின் பெரிய மலை. கிணற்றில் அள்ளி நின்று வார்ப்பதை விட்டு, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, வாளியில் எடுத்து வைத்த இளஞ்சூட்டுத் தண்ணியில் குளிக்கலாம். குந்தியிருக்கும் மலசலகூடம் வயிற்றை மடக்கி மூச்சை அடைக்கும், மேலே வைக்கும் கொமட் கதிரை உதவும்.

சாப்பாடும் களைக்க வைக்கும். வயிறு நிறைந்தால் உதரவிதானம் மேலே தள்ளப்படும். மூச்சு விடவே இவர்களுக்குச் சக்தி கூடச் செலவாவதால் மெலிந்துகொண்டும் போவார்கள். மூன்று நேரச் சோற்றை ஐந்து ஆறு சின்ன நேரமாகப் பிரித்து, முட்டை, மீன், பயறு, கடலை என்று புரதம் கூட்ட வேண்டும். வெறுங்கஞ்சியும் பிஸ்கட்டும் தசையைக் காக்காது.

மார்கழியும் திடீர்க் கூடலும்

இந்த நோய்கள் சரிவான பாதையில் மெதுவாக இறங்குவதில்லை. கொஞ்சக் காலம் சமதரை, பிறகு திடீரென்று ஒரு படி கீழே. தடிமன் காய்ச்சலோ, குளிரோ, புகையோ அந்தப் படியைத் தள்ளிவிடும். ஒவ்வொரு தடவையும் ஏறி வருவது முன்பு நின்ற படிக்குக் கொஞ்சம் கீழே. ஆகவே வருத்தம் திடீரென்று கூடும் இந்தக் கூடல்களைத் தடுப்பதுதான் நோயின் வேகத்தைத் தடுப்பது.

2022 டிசம்பர் இரண்டாம் கிழமையை வன்னி மறந்திருக்காது. மாண்டஸ் புயல் கடலில் நின்றபோது குளிரும் மாசுபட்ட காற்றும் ஒன்றாக வந்தன. 9ஆம் திகதி பாடசாலைகளைப் பூட்டினார்கள், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. அப்படி ஒரு நாளில் மூச்சு வருத்தக்காரர் செய்ய வேண்டியது எளிது: ஜன்னலைச் சாத்தி உள்ளே இருப்பது, மூக்கையும் வாயையும் துணியால் மூடிச் சூடாக மூச்செடுப்பது, அன்று குப்பை கொளுத்தாமல் அயலவரையும் கேட்டுக்கொள்வது, பம்பைத் தவறவிடாமல் அடிப்பது. அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் நாட்களுக்கும் இதே முறைதான். சளிக்காய்ச்சல், நிமோனியாவுக்கான தடுப்பூசிகளைப் பற்றி மாரிக்கு முதலே வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.

சளி வெள்ளையில் இருந்து மஞ்சளோ பச்சையோ ஆனால், அளவு கூடினால், வழக்கத்தைவிடக் களைத்தால், இந்த மூன்றில் இரண்டு வந்த அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். நாலு நாள் கொத்தமல்லி அவித்துக் குடித்துப் பார்ப்பதற்கு இது நேரமில்லை. ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், ஆள் அரைநித்திரையாகக் குழம்பினால் உடனே 1990. வடக்கில் 2018இல் இருந்து ஓடும் இந்த இலவச அம்புலன்சில் ஒட்சிசன் இருக்கும், ஓட்டோவில் இருக்காது. வீட்டுக்கு வரும் வழியை, ஒழுங்கை, கோயில், பாடசாலை என்று அடையாளத்தோடு சொல்லத் தெரிந்த ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். கிளினிக் கொப்பியும் பம்பும் ஒரே பையில், கதவடியில் தொங்கட்டும்.

பேசத் தயங்கும் விசயம்

காரணம் பிடிபடாத வகைத் தழும்பு நோய் கண்டுபிடிக்கப்பட்டு, மருந்து இல்லாதவர்களில் பாதிப் பேர் மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். சீஓபீடி அதைவிட நீண்டகாலம் விடும், ஆனால் அதுவும் ஒரு நாள் முடிவுக்குக் கொண்டுவரும். இதை வீட்டில் எல்லோரும் அறிந்திருப்பார்கள், வருத்தக்காரரும் அறிந்திருப்பார், ஒருவரும் வாய்திறக்க மாட்டார்கள்.

கடைசிக் கட்டத்து மூச்சுத் தவிப்புக்கு மருந்து இருக்கிறது. மிகக் குறைந்த அளவு மோர்பின் சிலருக்கு அந்தத் தவிப்பைத் தணிக்கும். புற்றுநோய்க்குக் கொடுப்பது என்ற பயத்தில் பலர் மறுக்கிறார்கள். வைத்தியரின் கண்காணிப்பில் சிறிய அளவில் எடுக்கும்போது, சிலருக்காவது நித்திரையும் நாலு வார்த்தை கதைக்கும் மூச்சும் அதால் கிடைக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து வாங்க வேண்டும்.

செயற்கைச் சுவாச மெசினில் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி பெரும்பாலும் நடுச்சாமத்தில், அவசரப் பிரிவின் வாசலில், யாரோ ஒரு மருமகனிடம் கேட்கப்படுகிறது. தழும்பு நோயின் கடைசிக் கட்டத்தில் அந்த மெசினில் ஏறியவர் இறங்கி வீடு வருவது அரிது. சீஓபீடியின் திடீர்க் கூடலில், முகமூடியால் காற்றுத் தள்ளும் மெசின் பலரை மீட்டு அனுப்புகிறது. நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மருமகனுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டுமென்றால், ஆள் சுகமாக இருக்கும் ஒரு பின்னேரத்தில், முற்றத்துக் கதிரையில் வைத்து, அவரிடமே கேட்டிருக்க வேண்டும்: "அப்பா, வருத்தம் கடுமையானா என்ன செய்யச் சொல்லுறியள்? ஆசுப்பத்திரியிலயோ, வீட்டிலயோ?" அவர் சொல்வதைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதி வைத்து, அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள்.